ஏமன் பச்சோந்தி வளரும்போது என்னென்ன மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போன மாதம் வரை நன்றாகத்தானே இருந்தது? இப்போது ஏன் இப்படிச் செய்கிறது?" பச்சோந்தி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் அதற்கு நோய் எதுவும் வந்திருக்காது. வயசுக்கு வந்திருக்கும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வதெல்லாம் ஏமன் பச்சோந்தியைப் பற்றி. கடைகளில் 'வெயில்டு கமீலியன்' என்று விற்பார்கள். ஏமன் நாட்டு மலைச்சரிவுகளும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் இதன் சொந்த ஊர். வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் மிகவும் பரவலான இனங்களில் இது ஒன்று. பெரும்பாலும் பண்ணைகளில் பொரித்து விற்கப்படுவது. நான் இருப்பது கனடாவில். முத்து என்று ஓர் ஆணும், பிறகு மரகதம் என்று ஒரு பெண்ணும் குட்டியிலிருந்து என் வீட்டில் வளர்ந்தன. எனக்குத் தெரிந்ததில் பாதி அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஊரில் தோட்டத்தில் பிடித்த பச்சோந்தியை வளர்க்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இருப்பது வேறு இனம், இந்தியப் பச்சோந்தி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தின்படி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். ஏமன் பச்சோந்தி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலியில் தலையாட்டும், இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து சிவக்கும் அந்தப் பிராணி ஓணான். அதைப் பச்சோந்தி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பச்சோந்தியின் விரல்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஓணான், பச்சோந்தி இரண்டுக்கும் விஷம் கிடையாது. விஷம் என்று பயந்து அடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடிக்க விடாதீர்கள்.

குட்டி விரல் நீளம்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிதாகும், எத்தனை நாளில்?

முட்டையிலிருந்து வரும்போது வால் உட்பட 5 முதல் 7 செ.மீ. இருக்கும், எடை ஒன்றிரண்டு கிராம். அதன் பிறகு வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்கும். ஆறு மாதத்துக்குள் ஆண் ஓர் அடியை நெருங்கிவிடலாம். ஒரு வயது, ஒன்றரை வயதில் முழு வளர்ச்சி வந்துவிடும். ஆண் 45 முதல் 60 செ.மீ. வரை போகும், பெண் 25 முதல் 35 செ.மீ.யோடு நின்றுவிடும். இந்த நீளத்தில் ஏறக்குறைய பாதி வால் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீளத்தைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது தலைக்கொண்டை. குட்டியில் பின்மண்டையில் ஒரு சின்ன மேடு மட்டும்தான் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் அது சேவல் கொண்டையைப்போல எழும்ப ஆரம்பிக்கும். ஆணுக்குச் சுமார் 5 செ.மீ. உயரம் வரை வளரும். பெண்ணுக்கும் உண்டு, ஆனால் தாழ்வாக இருக்கும். முத்துவை வாரம் ஒருமுறை அதே கிளையில் வைத்துப் படம் எடுத்து வந்தேன். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி அந்தப் படங்களில் தெரிந்தது. நீங்களும் செய்யுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தக் குறிப்புதான் முதலில் உதவும்.

ஆணா, பெண்ணா? எத்தனை மாதத்தில் தெரியும்?

இந்த இனத்தில் காத்திருக்கவே வேண்டாம். பின்னங்கால் பாதத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆண் குட்டிக்குப் பிறக்கும்போதே சேவலுக்கு இருப்பதுபோல் ஒரு சின்னக் குதிமுள் இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. ஒரு வாரக் குட்டியில் அது மணல் துகள் அளவுதான். நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஏனென்றால் பெண்ணை வளர்ப்பது வேறு பொறுப்பு. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மற்ற இனங்களில் இந்த வசதி இல்லை. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியில் வாலின் அடிப்பகுதி தடித்து, நிறம் ஏறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

வெறும் பச்சையாக இருக்கிறதே, படங்களில் காணும் வண்ணமெல்லாம் எப்போது வரும்?

வரும். முதல் இரண்டு மூன்று மாதம் வெற்றிலைக் கொழுந்துபோல வெளிர்பச்சை, அவ்வளவுதான். பிறகு பக்கவாட்டில் மங்கலாகச் செங்குத்துப் பட்டைகள் தோன்றும். ஆறு மாதம் தாண்டும்போது ஆணின் பட்டைகளில் மஞ்சள் ஏறும், ஓரங்களில் ஆரஞ்சும் நீலப்பச்சையும் சேரும். ஒரு வயதுக்குப் பிறகும் அடர்த்தி கூடிக்கொண்டே இருக்கும். பாந்தர் பச்சோந்தியில் மாற்றம் இன்னும் பெரிது. குட்டிகள் ஆண், பெண் இரண்டுமே சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். நோசி பே தீவின் ஆண் நீலப்பச்சையாக மாறும். அம்பிலோபே பகுதியின் ஆணுக்குச் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக வரும். முழு நிறம் வர ஒன்றரை ஆண்டு ஆகலாம்.

இதற்குக் காரணம் தோலுக்குள்தான் இருக்கிறது. நிறம் என்றால் சாயம் மட்டும் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டது வேறு கதை. தோலின் மேலடுக்குச் செல்களில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மஞ்சள் சாயத்தோடு அது சேர, நம் கண்ணுக்குப் பச்சை. கிளர்ச்சி அடையும்போது படிகங்களின் இடைவெளி விரியும். அப்போது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் தெரியும். இந்த மேலடுக்கு முழுமையாக வளர்ந்திருப்பது வளர்ந்த ஆண்களிடம்தான். குட்டிகளிடமும் பெண்களிடமும் அது மிக மெல்லியது. அதனால் சின்னக் குட்டி நிறம் காட்டவில்லை என்று கவலைப்படாதீர்கள்; நிறம் காட்டும் கருவியே அதன் உடம்பில் இன்னும் முடியவில்லை.

சிவப்புத் துணியில் வைத்தேன். சிவப்பாக மாறவில்லையே?

மாறாது. துணியின் நிறத்தைப் பார்த்து அது மாறுவதில்லை. நிறத்தை மாற்றுவது மனநிலையும் வெப்பமும் எதிரில் இருக்கும் இன்னொரு பச்சோந்தியும்தான். காலையில் உடம்பு குளிர்ந்திருக்கும்போது கறுத்துப் போய் விளக்கின் கீழ் வந்து நிற்கும். கறுப்பு வெப்பத்தை அதிகம் வாங்கும். சூடு ஏறியதும் வெளிறும். தூங்கும்போது இன்னும் வெளிறும். இரவில் டார்ச் அடித்தால் இலைகளுக்கு நடுவே பால் கலந்த பச்சையாகத் தெரியும். அந்தத் துணிச் சோதனையை மட்டும் திரும்பச் செய்யாதீர்கள். அதற்கு அது பயம் தவிர வேறொன்றும் தராது.

நான்கு மாதம் வரை கையில் ஏறியது. இப்போது கூண்டைத் திறந்தாலே சீறுகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் மனசு எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அழாக்குறையாக இதையே கேட்டிருக்கிறேன்.

முத்து குட்டியாக இருந்தபோது விரலை நீட்டினால் ஏறி, முழங்கை வரை நடந்து போவான். நான்கரை மாதம் இருக்கும், ஒரு காலை வழக்கம்போலக் கூண்டைத் திறந்தேன். கிளையில் பக்கவாட்டாகத் திரும்பினான். உடம்பைக் காகிதம்போலத் தட்டையாக்கி, தொண்டைப்பையைக் கீழே இறக்கி, வாயைத் திறந்தான். உள்ளே வெளிர் இளஞ்சிவப்பு. ஒரு முறை முன்னும் பின்னும் அசைந்துவிட்டு, சைக்கிள் டியூபிலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த ஒரு மாதம் தினமும் இதே வரவேற்புதான்.

நடந்தது இதுதான். பண்ணை, கூண்டு வளர்ப்பில் ஏமன் பச்சோந்தி நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பருவமடைந்துவிடுகிறது. காட்டில் அந்த வயதில் அது தனக்கென்று ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மரத்துக்கு வருகிற எதுவும் எதிரி அல்லது போட்டியாளர். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்தின் கால். குட்டியாக இருந்தபோது கையில் ஏறியதைக்கூட நாம் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அது தப்பிக்க வழி தேடிக் கிடைத்த கிளையில் ஏறுவதுதான். இது நாய்போலப் பழகும் பிராணி இல்லை.

அதற்காகக் கைவிட்டுவிடத் தேவையில்லை. கையில் எடுப்பதை நிறுத்துங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். தினமும் ஒரு பூச்சியை விரலில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்துவைத்து, அசையாமல் இருங்கள். நாக்கு வந்தால் வரட்டும், வராவிட்டால் பூச்சியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள். முத்துவுக்கு ஏழு வாரம் ஆயிற்று. மறுபடி கையில் வாங்கித் தின்றான். கையில் ஏறுவது மட்டும் அதற்குப் பிறகு அவன் இஷ்டப்படிதான். வருஷத்துக்கு நாலைந்து தடவை. வலுக்கட்டாயமாகப் பிடித்துப் பழக்கிய சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவை பழகியதுபோல் தெரியும், ஆனால் எப்போதும் கறுத்தே இருக்கும், பகலில் கண்ணை மூடும். பயத்தில் உறைந்து போவதைச் சாதுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு குட்டிகளை ஒரே கூண்டில் வளர்க்கலாமா?

முதல் சில வாரங்கள் குட்டிகள் கூட்டமாக இருப்பதில் கெடுதல் இல்லை, நல்லதும்கூட. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் ஏமன் பச்சோந்திக் குட்டிகளைச் சிலவற்றைத் தனியாகவும் சிலவற்றைக் கூட்டமாகவும் வளர்த்துப் பார்த்தார்கள். தனியாக வளர்ந்தவை மற்றொரு பச்சோந்தியைப் பார்த்தபோது அதிகம் பணிந்து போயின, நிறம் மங்கிக் கறுத்தன, இரை பிடிப்பதிலும் மந்தமாக இருந்தன. அதனால் பொரித்தவரிடம் இரண்டு மூன்று மாதம் கூட்டத்தோடு வளர்ந்த குட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தனித்தனிக் கூண்டுதான். ஆணும் ஆணும், ஆணும் பெண்ணும், பெண்ணும் பெண்ணும் எதுவும் சேராது. கடிபடுவது மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். வலுத்தது விளக்கடியைப் பிடித்துக்கொள்ளும். மற்றது கீழே ஒளிந்து, வெப்பமும் இரையும் கிடைக்காமல், காயம் ஒன்றுமில்லாமலே இளைத்துப் போகும். இரண்டு கூண்டு வைத்திருந்தால் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் தடுப்பு வையுங்கள். அரிசோனாவில் இந்த இனத்தின் ஆண்களை மோதவிட்டு 2013இல் வெளியான ஆய்வில், பட்டைகள் பளிச்சென்று இருந்த ஆண்கள்தான் நெருங்கிப் போயின. தலை பளிச்சென்றும் வேகமாகவும் நிறம் மாறியவைதான் ஜெயித்தன. பார்வையிலேயே சண்டை நடக்கிற பிராணிக்குக் கண்ணாடியில் தெரியும் தன் நிழல்கூடத் தொந்தரவுதான்.

சாப்பாட்டை எப்போது குறைக்க வேண்டும்?

நாம் எல்லோரும் தவறு செய்கிற இடம் இது. குட்டிக்கு அளவு பார்க்க வேண்டாம். நான்கு மாதம் வரை காலை, மதியம் இரண்டு வேளையும் வயிறு நிறையக் கொடுங்கள். கடையில் கிரிக்கெட் என்று விற்கும் சிள்வண்டுதான் முக்கிய இரை. பூச்சியின் நீளம் குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. ஆணுக்கு ஐந்தாறு மாதத்தில் ஒரு வேளை போதும். ஒன்பது மாதத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வயதை எட்டிய ஆணுக்கு அப்படி நாலைந்து பூச்சி. பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்தே அதைவிடக் குறைவாக வாரம் மூன்று தடவை.

வளர்ந்தது கண்ணை உருட்டிப் பசிபோலப் பார்க்கும். கொடுக்கக் கொடுக்கத் தின்னும். காட்டில் கிடைத்தபோது தின்றுகொள்ள வேண்டிய உடம்பு அது. போதும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஆண் கொழுத்தால் கொண்டையின் பக்கங்கள் உப்பும், நடை கனக்கும். பெண்ணுக்கு அந்தக் கொழுப்பு முட்டையாக மாறும், அதுதான் கொடுமை.

செடியைத் தின்கிறதே, பரவாயில்லையா?

நல்லதுதான். இந்த இனம் வளர வளர இலையும் தின்னும். செம்பருத்தி வையுங்கள், இலை, பூ இரண்டையும் கடிக்கும். மணிபிளான்டும் பரவலாக வைக்கிறார்கள். பூச்சி மருந்து அடித்த செடியை மட்டும் நேரே கூண்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்திருந்துவிட்டு வையுங்கள்.

அடிக்கடி சட்டை உரிக்கிறது. நோயா?

வளர்கிறது என்று அர்த்தம். குட்டி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், வளர்ந்தது மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். பாம்புபோல முழுசாகக் கழற்றாது. வெள்ளைக் காகிதத் துண்டுகளாகப் பிய்ந்து விழும். அந்த ஒன்றிரண்டு நாள் எரிச்சலோடும் பசியில்லாமலும் இருக்கும். தோலைப் பிடித்து இழுக்காதீர்கள், கூண்டுக்குள் தெளிக்கும் தண்ணீர்ப் புகையை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். விரல் நுனியிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாக இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுனி உதிர்ந்துவிடும்.

கூண்டும் விளக்கும் வயதுக்கேற்ப மாற வேண்டுமா?

கூண்டு மாற வேண்டும். குட்டியைப் பெரிய கூண்டில் விட்டால் பூச்சியைத் தேடியே களைத்துப் போகும் என்பதால் சின்னதில் தொடங்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரமுள்ள வலைக்கூண்டு தேவை. உயரம்தான் முக்கியம். நம் கண்ணுக்கு மேலே இருக்கும்போதுதான் அதற்கு நிம்மதி.

வெயில் காயும் இடத்தில் குட்டிக்கு 27 டிகிரி போதும், வளர்ந்த ஆணுக்கு 29, 30 வரை போகலாம். பெண்ணுக்கு 26, 27க்கு மேல் வேண்டாம். கொண்டை உயர உயர விளக்குக்கும் தலைக்கும் இடைவெளி குறையும் என்பதை மறந்துவிடுகிறோம். கொண்டை நுனியில் தீக்காயம் வருவது இப்படித்தான். கிளையை இறக்கிக் கட்டுங்கள்.

புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு எந்த வயதிலும் கட்டாயம். அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் கணக்கில் வராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் வலு நாளாக ஆகக் குறையும். அதனால் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள்.

குட்டியின் முன்னங்கால் வில்போல வளைகிறது. வளர்ச்சியில் சரியாகிவிடுமா?

தானாகச் சரியாகாது. அது கால்சியம் குறைந்து எலும்பு இளகும் நோய். வேகமாக வளரும் இரண்டிலிருந்து ஆறு மாதத்தில்தான் அதிகம் வரும். கால் வளைவது, தாடை மெத்தென்று ஆவது, நாக்கு பாதியில் நிற்பது, கிளையை விட்டுவிட்டு விழுவது, எல்லாம் இதன் அறிகுறிகள். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே போங்கள். வளைந்தது நிமிராது, ஆனால் மேற்கொண்டு வளைவதை நிறுத்த முடியும். வராமல் தடுக்க ஒவ்வொரு தீனியிலும் பூச்சியின் மேல் டி3 சேராத கால்சியம் பொடியை மெல்லியதாகத் தூவ வேண்டும். டி3யும் மற்ற வைட்டமின்களும் உள்ள பொடி மாதம் இரண்டு தடவை போதும்.

என் பெண் பச்சோந்தி ஆணைப் பார்த்ததே இல்லை. முட்டை போடுமா?

போடும். இதைத் தெரியாமல் பெண்ணை வாங்கி, தெரிய வந்தபோது இழந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

பெண் நான்கு ஐந்து மாதத்தில் பருவமடையும். உடம்பில் மஞ்சள் திட்டுகளும் வெளிர்நீலப் புள்ளிகளும் தோன்றினால் அது இணைக்குத் தயார் என்ற அறிவிப்பு. முட்டை முற்றிக்கொண்டிருக்கும்போது உடம்பு கரும்பச்சையாகி, அதன்மேல் மஞ்சளும் நீலமும் பளிச்சென்று நிற்கும். ஆண் நெருங்கினால் வாயைத் திறந்து ஆடி விரட்டும். இணை சேர்ந்தால் அதிலிருந்து 20 முதல் 30 நாளில் முட்டை. சேராவிட்டாலும் கோழி போடுகிற மாதிரி கருவில்லா முட்டை உருவாகும். உருவான முட்டை வெளியே வந்தாக வேண்டும். தோண்ட மண் இல்லாவிட்டால் உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அந்த முட்டை அடைப்பில்தான் நிறையப் பெண்கள் சாகின்றன.

மரகதத்துக்கு ஆறு மாதம் முடிந்த சமயம். எப்போதும் மேல்கிளையில் இருப்பவள் தரைக்கு இறங்கி மூலை மூலையாகச் சுற்றினாள். வெளியே போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்து விட்டேன்! மாலையில் செம்பருத்தித் தொட்டியின் மண்ணைப் பிராண்டுவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஓர் அடி ஆழமுள்ள பிளாஸ்டிக் வாளியில், பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் மணலை நிரப்பி உள்ளே வைத்தேன். மறுநாள் தலைகீழாக இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தாள். வாலும் பின்னங்காலும் மட்டும் தெரிந்தன. ஆசையில் எட்டிப் பார்த்தேன். ஒரு கண் மட்டும் பின்னால் சுழன்று என்னைப் பார்த்தது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டாள், அன்று முழுக்கத் தோண்டவில்லை. என் பழைய வேட்டி ஒன்றைக் கூண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு அறையை விட்டே வெளியேறினேன். அடுத்த நாள் இரவுக்குள் முடிந்துவிட்டது. குழியை மூடி, பின்னங்கால்களால் மண்ணை மிதித்துச் சமமாக்கி, தோண்டிய அடையாளமே இல்லாமல் வைத்திருந்தாள். விலா எலும்பு தெரிய, கண்ணோரத்தில் மணலோடு, தண்ணீர்ப் புகை வந்ததும் பத்து நிமிஷம் விடாமல் நக்கிக் குடித்தாள். தோண்டி எண்ணினேன்: 38 முட்டை. அவள் உடம்புக்கு அது எவ்வளவு பெரிய பாரம்!

அந்தப் பாரத்தை ஏற்றியது என் கைதான். ஆறு மாதம் வரை கேட்டபோதெல்லாம் தீனி, விளக்கடியில் 30 டிகிரி. அதன் பிறகு இரையை வாரம் மூன்று தடவையாக்கினேன், வெப்பத்தை 26க்கு இறக்கினேன். அடுத்த முறை 17 முட்டைதான். பெண் வளர்ப்பவர்கள் ஐந்தாம் மாதத்திலிருந்தே இதைச் செய்யுங்கள். மணல் வாளியை எப்போதும் கூண்டில் வைத்திருங்கள். தோண்டத் தொடங்கி இரண்டு நாளாகியும் முட்டை வராமல், பகலில் கண்ணை மூடிச் சோர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

ஆண் சாப்பிடாமல் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஏன்?

பெண்ணைத் தேடுகிறது. எட்டு பத்து மாதத்தில் இப்படிச் சில நாள் இருக்கும். எடை குறையாமல், கண் குழி விழாமல், கழிவின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் விட்டுவிடுங்கள். அது ஆரஞ்சாக மாறினால் தண்ணீர் போதவில்லை.

எத்தனை மாதத்தில் இணை சேர்க்கலாம்?

முடியும் என்பதற்காக ஆறு மாதத்தில் சேர்க்காதீர்கள். பெண்ணுக்கு ஒரு வயதாவது ஆகட்டும். அதற்கு முன்னால், ஒரே தடவையில் வரும் ஐம்பது அறுபது முட்டைகளை ஆறிலிருந்து ஒன்பது மாதம் அடைவைக்கவும், பொரிக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனிக்கூண்டு பார்க்கவும் உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். என்னால் முடியாது என்பதால் முத்துவையும் மரகதத்தையும் நான் ஒருநாளும் சேர்க்கவில்லை.

எத்தனை ஆண்டு வாழும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆண் ஆறிலிருந்து எட்டு, பெண் நாலிலிருந்து ஆறு. முட்டைதான் இந்த இடைவெளிக்குக் காரணம். குறைவு என்று வருத்தமா? மடகாஸ்கரின் தென்மேற்கில் லபோர்டு பச்சோந்தி என்று ஒன்று இருக்கிறது. எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள் இருக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாகப் பொரிந்து, இரண்டே மாதத்தில் பருவமடைந்து, முட்டையிட்டு, நாலைந்து மாதத்தில் மொத்தத் தலைமுறையும் செத்துவிடும். 2008இல் இது வெளியானபோது நம்பவே முடியவில்லை. வருஷத்தின் பெரும்பகுதியில் அந்த இனம் உலகத்தில் இருப்பது மண்ணுக்குள் முட்டையாக மட்டும்தான்.

வயதானதை எப்படித் தெரிந்துகொள்வது? என்ன மாற்ற வேண்டும்?

முதலில் தெரிவது நாக்கில். உடம்பைவிட நீளமாகப் பாய்ந்து, இமைக்கும் நேரத்தில் பூச்சியோடு திரும்பிய நாக்கு, ஒரு விரற்கடை முன்னால் விழும். முத்துவுக்கு ஆறு வயது தாண்டியபோது அப்படித்தான். இரண்டு தடவை தவறவிட்டுவிட்டு, மூன்றாவது தடவை கிளையில் முன்னே நகர்ந்து வாயாலேயே கவ்வினான். பிடி தளரும், நகம் உதிரும், பட்டைகளின் மஞ்சள் பழையதாகும். மூட்டு வீங்கினால் சிறுநீரகம் கெட்டு யூரிக் அமிலம் சேர்ந்திருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

மற்றதெல்லாம் நாம் செய்யக்கூடியது. மெல்லிய குச்சிகளை எடுத்துவிட்டுத் தடித்த, சொரசொரப்பான கிளைகளைப் படுக்கையாகக் கட்டுங்கள். உச்சிக் கிளையைத் தாழ்த்துங்கள், விளக்கையும் கூடவே இறக்குங்கள். விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கீழே செடித் தொட்டிகளை நெருக்கி வையுங்கள். பூச்சியைக் கூண்டில் ஓடவிடாமல், ஓடாத பட்டுப்புழுவையோ கொம்புப் புழுவையோ வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு முகத்துக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். முத்து கடைசி ஒரு வருஷம் அந்தக் கிண்ணத்தில்தான் சாப்பிட்டான். காலையில் விளக்கு போட்டதும் கறுப்பு உடம்போடு மெதுவாக நடந்து வந்து, கொஞ்சம் சூடேறிப் பச்சையான பிறகு, ஒரு கண்ணால் கிண்ணத்தையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டு நிற்பான்.